பதில்: பக்கத்து வீட்டில் மனைவியை அடிக்கிறார், தலையிடலாமா?

தலையிடலாம். காரைக்குடியில் பங்காளிகள் "பேசித் தீர்த்துக்கலாம்" என்று இழுப்பார்கள், அது கிடக்கட்டும். ஆனால் நீங்கள் அவரிடம் சண்டைக்குப் போனால் அந்தக் கோபம் ராத்திரி அந்தப் பெண் மேல்தான் இறங்கும். கோலம் போட வரும்போது தனியாகப் பேசுங்கள், "ஏன் இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்கே" என்று மட்டும் கேட்காதீர்கள். அவளுடைய ஆதார், பாஸ்புக் நகல்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வளவிலேயே (கணவன் வீட்டிலேயே) குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு, சீர்ச் சாமான், நகை எல்லாவற்றையும் திருப்பிக் கேட்கலாம் (நம் பக்கம் அதுவே ஒரு அறை நிறைய இருக்குமே). இந்தச் சட்டப்படி நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே தகவல் தரலாம், நல்லெண்ணத்தில் சொன்னதற்கு உங்கள் மேல் வழக்கு வராது, ஆனால் அவளிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். பெண்கள் உதவிக்கு 181. கழுத்தை நெரித்தார் என்று தெரிந்தால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.