பரணிலிருந்து இறங்கிய ஸ்பெக்ட்ரம்

கேள்வி: அப்பா 1985-ல் வாங்கிய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கம்ப்யூட்டர் பரணில் கிடைத்தது. வீட்டிலிருந்த 9 வோல்ட் அடாப்டரைச் சொருகினேன். டிவியில் எதுவும் வரவில்லை. காயலான் கடையில் போட்டுவிடலாமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: ஐயோ, போட்டுவிடாதீர்கள் அம்மா! முதலில் அந்த அடாப்டரைக் கழற்றுங்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு அடாப்டர் முனையின் நடுவில் நெகட்டிவ் வரவேண்டும். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர்மாறு. பழைய கம்ப்யூட்டர்களைக் கொல்வது வயது அல்ல, இந்த அவசரம்தான்.

சரியான அடாப்டர் போட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். உள்ளே 4116 என்று எழுதிய எட்டு மெமரி சிப்கள் இருக்கும். அவற்றின் 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ல் 12, 9-ல் 5 வோல்ட் வரவேண்டும். மைனஸ் 5 மட்டும் நின்றுபோனால் சிப்களும் போய்விடும். அதனால் சிப்பை மாற்றுவதற்கு முன் போர்டில் டிஆர்4 (TR4) என்று குறித்த டிரான்சிஸ்டரைச் சோதியுங்கள். வழக்கமான குற்றவாளி அதுதான். பழைய கெப்பாசிட்டர்களையும் மாற்றவேண்டியிருந்தால் உங்கள் ஊர் லேமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். புது சிப்பை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் வையுங்கள்.

அப்புறம், மூடியைத் திறக்கும்போது மெதுவாக. கீபோர்டை போர்டோடு இணைக்கும் ரிப்பன்கள் இந்த வயதில் அப்பளம் மாதிரி நொறுங்கும்.