ஹைட்ரஜன் எங்கே தேவை, எங்கே தேவையில்லை? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (விசைப்படகு உரிமையாளர், பாம்பன்): ஐயா, டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. ஹைட்ரஜனில் படகு ஓட்ட முடியுமா?

பதில்: முடியும். கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் பயணியர் படகு 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அது ஆற்றுப் போக்குவரத்துக்கானது. ஹைட்ரஜனை 350 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 350 மடங்கு) அடைத்தாலும், அதே ஆற்றலுக்கு டீசலைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். உங்கள் படகில் அந்த இடம் மீனுக்கும் ஐஸுக்கும் உரியது. ஆகவே விசைப்படகுக்கு இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையோரம் போய் அன்றே திரும்பும் நாட்டுப்படகுகளுக்கு பேட்டரி மோட்டார் பொருந்தும்.

கேள்வி (ஐஸ் கம்பெனி நடத்துபவர், மண்டபம்): கூரையில் சோலார் போட்டிருக்கிறேன். பகல் மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்து இரவில் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். 100 யூனிட்டைச் செலவிட்டுத் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் தயாரித்து, அதை மீண்டும் மின்சாரமாக்கினால் கைக்கு வருவது சுமார் 30 முதல் 35 யூனிட்தான். பேட்டரியில் சுமார் 85 யூனிட் கிடைக்கும். அதைவிட மலிவான சேமிப்பு உங்களிடமே இருக்கிறது. ஐஸ் கேன்கள் மூழ்கியிருக்கும் உப்புக்கரைசல் தொட்டியின் காப்பு உறையைத் தடிப்பாக்கி, வெயில் உச்சியில் இருக்கும்போது கம்ப்ரசரை முழு வீச்சில் ஓட்டிக் கரைசலை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளிர்வித்து வையுங்கள். ஒரு பாளம் உறையப் பல மணி நேரம் ஆவதால் இரவில் முற்றிலும் நிறுத்த இயலாது. ஆனால் சுமையின் பெரும்பகுதி பகலுக்கு நகர்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் தேவை குறையும், வெயிலோ கடுமையாக இருக்கும். அப்போது மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு அனுப்பும் இணைப்பையும் அவசியம் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, கீழக்கரை): அப்படியானால் ஹைட்ரஜன் யாருக்குத்தான் தேவை?

பதில்: மின்கம்பி வழியே தீர்வு கிடைக்காத தொழில்களுக்கு, அதாவது உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எஃகு, நெடுந்தூரக் கப்பல் ஆகியவற்றுக்கு. இவற்றில் முதலிரண்டும் இன்றே ஏராளமாக ஹைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. அதை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பதால் ஒரு கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. முதலில் மாற வேண்டியது அங்கேதான். சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து எடுப்பதைப் பசுமை ஹைட்ரஜன் என்கிறோம். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டுள்ளது.

கேள்வி (ஆசிரியை, சாயல்குடி): குடிநீருக்கே அல்லாடும் மாவட்டத்தில் தண்ணீரைப் பிளந்து எரிபொருள் எடுப்பது நியாயமா?

பதில்: நிலத்தடி நீரில் கைவைத்தால் நியாயமே இல்லை, கடல்நீரைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர் நன்னீர் போதும். நடைமுறையில் கூடுதலாகத் தேவைப்படும். அந்த ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தயாரிக்க ஆகும் மின்சாரமோ 50 யூனிட்டுக்கு மேல். ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க 3 முதல் 4 யூனிட்தான் ஆகும் என்பதால், செலவு ஒரு தடையன்று. என் கவலையெல்லாம் மிஞ்சும் அடர் உப்புநீரைப் பற்றியது. அது கடல்நீரைவிடக் கனமானது. ஆழமில்லாத இடத்தில் விட்டால் அடியில் தங்கி, கடற்பசு மேயும் கடற்புல்லையும் பவளத்தையும் பாதிக்கும். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையொட்டி அத்தகைய குழாய் எதையும் அனுமதிக்கக் கூடாது. வாலிநோக்கம் போன்ற உப்பளங்களுக்கு அந்நீரைக் கொண்டுசெல்லலாமா என்பதை, அதில் கலந்துள்ள இரசாயனங்களைச் சோதித்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி (விவசாயி, கமுதி): எங்கள் ஊர்ச் சூரிய மின் நிலையத்திலேயே ஹைட்ரஜன் எடுக்கலாமே?

பதில்: 2016இல் இயங்கத் தொடங்கிய அந்த 648 மெகாவாட் நிலையத்தின் மின்சாரம், நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாக அமைவதே இப்போதைக்குக் கூடுதல் பயன். அதை ஹைட்ரஜனுக்குத் திருப்பினால், அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட அனல் மின் நிலையங்கள் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். நிலக்கரி மிகுந்த நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 35 கிலோவுக்கும் மேல் வெளியாகும். எரிவாயுவிலிருந்து எடுப்பதைவிட அது மூன்று மடங்குக்கும் அதிகம். ஹைட்ரஜன் ஆலை வருவதானால், அதற்கென்றே புதிய சூரிய, காற்றாலை மின்சாரம் கூடவே வர வேண்டும்.