வள்ளியும் வல்லியும்

கேள்வி: எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பல வருடங்களாகப் பலர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒரே அம்மா லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி என்று மூன்று பேராக இருக்கிறார். இப்படி ஒலிப்பு ஒத்துவரும் பெயர்களைக் கணினியே கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடாதா?

பதில்: கண்டுபிடித்துத் தரும். ஒன்றாக்குவதை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

இந்தத் தேவை கணினிக்கும் முந்தியது. 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்ததுதான் சவுண்டெக்ஸ். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். ராபர்ட், ரூபர்ட் இரண்டுக்குமே ஆர்163 என்று வரும். அங்கே பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளில் குடும்பப் பெயரைத் தேட அட்டவணை போட்டதும் இப்படித்தான்.

தமிழுக்கு எண்கூட வேண்டாம், நம் மெய்களே போதும். க்ஷ வந்தால் ட்ச ஆக்குங்கள். தனியாக வரும் ஷ, ஸ எல்லாம் ச. ள, ழ இரண்டும் ல. ற என்பது ர. ண, ந இரண்டும் ன. ர, ல-வுக்கு முன்னால் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் இ-யை எடுத்துவிட்டால் இராமனும் ராமனும் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்குங்கள். உங்கள் மூன்று லட்சுமியும் 'லடசம' என்ற ஒரே குறியீட்டில் வந்து நிற்பார்கள். இலக்குமி மட்டும் 'லககம' என்று தனியே போய்விடுவார். அவரைப் போன்றவர்களுக்குக் கையால் ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு வழி, ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. சோவியத் ஒன்றியத்தில் லெவன்ஷ்டைன் என்ற கணித அறிஞர் 1965-ல் வெளியிட்ட கணக்கு இது. தட்டுப்பிழைகளைப் பிடிக்க அருமையானது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். லட்சுமியை லக்ஷ்மி ஆக்க இரண்டு எழுத்தை மாற்ற வேண்டும்: ட் போய் க், சு போய் ஷ். வள்ளியை வல்லி ஆக்கவும் அதே இரண்டுதான். முதல் ஜோடி ஒரே பெயர், இரண்டாவது ஜோடி வேறு வேறு பெயர். ஒலிக் குறியீட்டைக் கேட்டால் அதுவும் இந்த இருவருக்கும் 'வலல' என்றே சொல்லும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பதிவேட்டைச் சரிசெய்யும்போது குறியீடு ஒத்த பெயர்களை எல்லாம் தானாக இணைக்கும்படி எழுதிவிட்டேன். வல்லி என்ற பெண்ணின் பதிவு வள்ளியின் பதிவுக்குள் போய் மறைந்தது. அவருக்கு வர வேண்டிய கடிதங்கள் மாதக்கணக்கில் இன்னொருவர் வீட்டுக்குப் போயின. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "என் பேரு அதுதான், அவங்க பேரு இல்லை" என்றார். அன்றிலிருந்து கணினி ஜோடிகளைக் காட்டும், நான் பிறந்த தேதியையும் முகவரியையும் பார்த்து முடிவு செய்வேன். அவரவர் எழுதிக் கொடுத்த பெயரை மாற்றவே மாட்டேன். குறியீடு பக்கத்தில் தனிக் கட்டத்தில் இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: கௌரி என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். எழுத்துப்பிழையே இல்லையே?

பதில்: கண்ணுக்கு இல்லை, சரி. ஆனால் பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'கெ' அடித்துவிட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தை அடித்திருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அது 'கெ-ள-ரி'. யூனிகோடைச் சீராக்கும் வழக்கமான நிரல்களும் இதைத் திருத்தாது, ஏனென்றால் ள உண்மையான ஒரு எழுத்து. எகரக் குறிக்குப் பின் குறியோ புள்ளியோ இல்லாத ள வரும் இடங்களைத் தேடி எடுங்கள். தெளிவு, வெள்ளி எல்லாம் அதில் சிக்காது. பேச்சு வழக்கில் எழுதிய 'வெளக்கு' போன்றவை சிக்கும், அதனால் கண்ணால் பார்த்தே மாற்றுங்கள்.