நடந்தால் வரும் விறைப்பு: கோளாறு முதுகில் இருக்கலாம்

கேள்வி: எனக்கு வயது 56. ஒரு வருடமாகப் பத்து நிமிடம் நடந்தாலே இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. கூடவே, எந்த ஆசையும் இல்லாமல் ஆணுறுப்பு விறைத்துக்கொள்கிறது. உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. இது என்ன நோய் டாக்டர்?

பதில்: கூச்சப்படாதீர்கள். இதற்கும் காம எண்ணத்துக்கும் சம்பந்தமே இல்லை. கால் மரத்துப்போவதையும் சேர்த்து எழுதினீர்களே, அதுதான் முக்கியமான தடயம்.

விறைப்பைத் தூண்டும் நரம்புகள், முதுகுத்தண்டின் அடிப்பகுதியைச் சேர்ந்த சாக்ரல் 2, 3, 4 என்ற நரம்பு வேர்களிலிருந்து கிளம்புகின்றன. இந்த வேர்கள் கீழ்முதுகு எலும்புகளுக்குள் இருக்கும் குழாய் போன்ற பாதை வழியாகத்தான் இறங்குகின்றன. வயதாக ஆக டிஸ்க் பிதுங்கி, தசைநார் தடித்து அந்தப் பாதை குறுகிவிடும். நிமிர்ந்து நடக்கும்போது நெருக்கம் கூடி நரம்பு வேர்கள் தூண்டப்படுகின்றன. கால் மரக்கிறது, சிலருக்கு விறைப்பும் வருகிறது. உட்கார்ந்தாலோ முன்பக்கம் குனிந்தாலோ பாதை சற்று விரிவதால் அடங்குகிறது. சைக்கிள் மிதிக்கும்போது தொல்லை இல்லை, நடந்தால் மட்டும் வருகிறது என்றால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும். இப்படி விறைப்பு வருவது அரிதுதான். ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நெருக்கத்தை நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு விறைப்பு நின்றுபோனவர்களும் உண்டு.

அதனால் கீழ்முதுகுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தூக்கத்துக்குத் தரும் டிராசோடோன், சில மனநல மருந்துகள், பிரஷருக்கான பிரசோசின் ஆகியவையும் விறைப்பை நீடிக்கச் செய்யும். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். விறைப்பை நீடிக்கச் செய்யக்கூடிய ரத்தப் புற்றுநோய், சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாக மாறும் நோய்) இல்லை என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் தேவை.

இரவில் வலியோடு விறைத்துத் தூக்கத்தைக் கெடுப்பது வேறு வகை. அதற்குப் படுக்கும் முன் தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிப்போம்.

சரி, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? விறைப்பு 4 மணி நேரம் அடங்காவிட்டால், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பிரியாபிசம் எனப்படும் இந்த நிலையில், தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுத்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்து செலுத்துவார்கள். ஐஸ் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தால் உள்ளே தசை செத்து, பிறகு விறைப்பே வராமல் போகலாம். விறைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.