வான்கோழி ஸ்டஃபிங் கேசரோல்: அடி கூழாகாமல், மேல் வறண்டுபோகாமல்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்சாஸில் வசிக்கிறோம். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முழு வான்கோழியைச் சுடுவதற்குப் பதிலாக, வெந்த இறைச்சியையும் ஸ்டஃபிங்கையும் (காய்களும் மூலிகைகளும் சேர்த்த பிரெட் கலவை) ஒரே தட்டில் அடுக்கி ஓவனில் சுட்டு, கேசரோலாகச் செய்கிறேன். அடியிலிருக்கும் ஸ்டஃபிங் கூழாகிவிடுகிறது. மேலிருக்கும் இறைச்சி நார்நாராகக் காய்ந்துவிடுகிறது. பத்துப் பேருக்கு எந்த அளவில் செய்வது? முந்தைய நாளே அடுக்கி வைக்கலாமா?

பதில்: உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே; அடுக்கின் வரிசையை மாற்றினால் இரண்டும் தீர்ந்துவிடும். ஏற்கெனவே வெந்த இறைச்சி மேலே இருந்தால், ஓவனின் சூடு அதில் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடுகிறது; அடியில் இருக்கும் பிரெட்டோ, இறைச்சியிலிருந்து இறங்கும் சாற்றையெல்லாம் குடித்துவிட்டு, ஆவி வெளியேற வழியில்லாமல் ஊறிக் குழைகிறது. இறைச்சி கீழே, அதன்மேல் கிரேவி, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டஃபிங் என்பதே சரியான வரிசை.

அடுத்து, பிரெட்டை உண்மையாகவே உலர்த்த வேண்டும். இங்குதான் பலரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு நாள் வெளியில் கிடந்த பிரெட் கெட்டியாகியிருக்கும், ஆனால் ஈரம் முழுவதும் போயிருக்காது. அதில் ஸ்டாக் (இறைச்சி, எலும்பு வேகவைத்த சாறு) ஊற்றினால் சீக்கிரமே குழைந்துவிடும். ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் பிரெட்டை முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 250 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, நடுவில் இரண்டு முறை கிளறிவிட்டு உலர்த்துங்கள். ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதி மெத்தென்று அமுங்கினால் இன்னும் நேரமாகவில்லை, மொறுக்கென்று நொறுங்கினால் போதும்.

115 கிராம் வெண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தையும் மூன்று நான்கு செலரித் தண்டுகளையும் நிறம் மாறாமல் வதக்கி, சேஜ், தைம் ஆகிய மூலிகைகளும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிரெட்டில் கொட்டிப் புரட்டுங்கள். உப்புக் குறைந்த ஸ்டாக் இரண்டரைக் கப் வேண்டும். அதில் அரைக் கப்பை இரண்டு முட்டைகளுடன் அடித்து வைத்துக்கொண்டு, மீதியை இரண்டு மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பொறுத்திருங்கள். கடைசியில் முட்டைக் கலவையைச் சேருங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டு நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. அந்தப் பதம் வந்துவிட்டால் ஸ்டாக் மீதமிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். 1972இல் சந்தைக்கு வந்த ஸ்டவ் டாப் போன்ற பெட்டி ஸ்டஃபிங்கைப் பயன்படுத்துவதானால், துணுக்குகள் சிறியவை என்பதாலும் கீழிருந்து கிரேவியின் ஆவி ஏறும் என்பதாலும், பெட்டியில் சொல்லியிருக்கும் தண்ணீரில் கால் பங்கைக் குறைத்துக்கொள்வது நல்லது; தனியாக உப்புப் போட வேண்டாம்.

எலும்பு நீக்கிய வெந்த இறைச்சி ஒன்றரைப் பவுண்டு போதும். மார்புக்கறியோடு பாதியளவு தொடைக்கறியையும் கலந்துகொண்டால், இரண்டாம் முறை சூடேறும்போது அது ஈரத்தைக் காத்துக் கொடுக்கும். கையால் பிய்த்துப் போடாமல், நாரோட்டத்துக்குக் குறுக்கே அரை அங்குலக் கனத்தில் நறுக்குங்கள். கிரேவிக்கு நான்கு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவை வறுத்து, மேற்சொன்னதற்குப் புறம்பாக இன்னும் இரண்டரைக் கப் ஸ்டாக் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சோளமாவு கிரேவி ஆறவைத்துச் சூடாக்கும்போது நீர்விட்டுப் பிரியக்கூடியது. இந்த உணவுக்கு மைதாவே பொருத்தம்.

9க்கு 13 அங்குலத் தட்டில் வெண்ணெய் தடவி, அரைக் கப் கிரேவியைப் பரப்பி, இறைச்சியை ஒரே அடுக்காக வைத்து, மேலே ஒரு கப் கிரேவி ஊற்றுங்கள். ஸ்டஃபிங்கைக் கரண்டியால் அழுத்தாமல் தூவினாற்போல் பரப்புங்கள். இடைவெளி இருந்தால்தான் ஆவி வெளியேறி மேற்பரப்பு மொறுமொறுக்கும். ஃபாயிலால் மூடி 350 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு திறந்து 400 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். நடுப்பகுதியில் வெப்பமானி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மீதிக் கிரேவி சூடாக மேசைக்குப் போகட்டும். கிரான்பெர்ரி சாஸையும் தனியாகவே வையுங்கள். அதை ஓர் அடுக்காகச் சேர்த்தால் அதன் சாறு ஸ்டஃபிங்கில் இறங்கி மறுபடி பழைய தொல்லையே வரும்.

முந்தைய நாளே அடுக்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரெட் ஊறிக் குழைவது ஒருபுறம் இருக்க, ஈரமாகக் கலந்த வேகாத ஸ்டஃபிங்கைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், ஈரப் பொருள்களையும் உலர் பொருள்களையும் தனித்தனியே வைத்திருந்து ஓவனில் வைக்கும் முன் கலக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரையும்கூட. ஆகவே பிரெட்டை உலர்த்தி டப்பாவில் அடைப்பது, காய்களை வதக்குவது, இறைச்சியை நறுக்குவது, கிரேவி காய்ச்சுவது ஆகியவற்றை முதல் நாளே முடித்துவிட்டு, அடுக்கும் வேலையை மட்டும் விருந்து நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேவியைப் பெரிய பாத்திரத்தில் அப்படியே ஆறவிடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, மெதுவாக ஆறும் இறைச்சியிலும் கிரேவியிலும் பெருகக்கூடியவை. அகலமான ஆழமற்ற பாத்திரங்களில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் கிரேவியை நன்றாகக் கொதிக்கவைத்து இறைச்சிமேல் ஊற்றினால், குளிர்ந்த இறைச்சியும் சீக்கிரம் சூடேறும். கண்ணாடித் தட்டை மட்டும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைக்காதீர்கள். திடீர்ச் சூட்டில் விரிசல் விடக்கூடும்.

விருந்தில் மிஞ்சியதற்கும் அதே இரண்டு மணி நேரக் கணக்குத்தான். மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சூடாக்கும்போது ஓரங்களில் இரண்டு கரண்டி ஸ்டாக் ஊற்றி, மூடிவைத்து, மறுபடியும் 165 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள்.