வாடகை கட்டினால் வீடு சொந்தமாகுமா?

'வாடகையோடு கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், சில வருடத்தில் வீட்டையே எழுதித் தருகிறேன்' என்ற பேச்சை நம்பியவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். வழக்கமான மிக்ஸி, கீசர் கேள்விகள் அடுத்த முறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2019-இல் நீலகிரியில் கேத்தியில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். வாடகை 6,000 ரூபாய். வீட்டுக்காரப் பெரியவர், "மாதம் 11,000 கொடுங்கள், அதில் 5,000 கிரயத்தில் கழியும், விலை 18 லட்சம்" என்றார். முன்பணம் 2 லட்சம் கொடுத்தோம். ஐந்து வருடம் தவறாமல் கட்டினோம். எதையும் பதியவில்லை, வருடாவருடம் 11 மாத வாடகை ஒப்பந்தம் மட்டும்தான். பெரியவர் இறந்துவிட்டார். மகன் "நீங்கள் வாடகைக்காரர்தான், காலி செய்யுங்கள்" என்கிறார். பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்கப் பேசுகிறார்களாம். பெரியவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. – வாசகி, கேத்தி

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு மாதமும் தேதி, 'வாடகை 6000', அதன் கீழே 'கிரயத்தில் 5000', ஓரத்தில் பெரியவரின் கையெழுத்து. 2021 ஜூனில் மட்டும் 'கொரோனா, அடுத்த மாதம் சேர்த்து' என்று எழுதி, ஜூலையில் 10000 என்று வரவு வைத்திருக்கிறார். அவர் நாணயமாகக் கணக்கு வைத்த மனிதர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. முன்பணத்தையும் சேர்த்தால் 5 லட்சம் உங்கள் பணம். அந்த நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், மகனிடமும். நகலை மட்டும் காட்டுங்கள்.

வீட்டைக் காலி செய்யாதீர்கள். ஒருவர் குடியிருக்கிற சொத்தை வாங்குபவர், குடியிருப்பவருக்கு அதில் உள்ள உரிமையை அறிந்தே வாங்கியதாகச் சொத்து மாற்றுச் சட்டம் கொள்கிறது. நீங்கள் உள்ளே இருக்கும்வரை பெங்களூர்க்காரர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வாடகை 6,000-ஐ வங்கி வழியாக மாதம் தவறாமல் அனுப்புங்கள். மகன் வாங்க மறுத்தால் மறுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வழக்கறிஞர் நோட்டீஸ், தாமதமில்லாமல். கிரயத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டுகள்தான் கெடு. ஐந்து வருடம் என்று நாள் குறித்துப் பேசியதாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டால் அந்தக் கெடு 2024-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மீதி 13 லட்சத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தீர்கள் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும்; வங்கியில் கடன் கேட்டு விசாரித்த கடிதம் இருந்தால் எடுத்து வையுங்கள். வழக்கு மனுவிலேயே, கிரயம் இல்லையென்றால் பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது.

வீடு கிடைத்துவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் இத்தகைய வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே கூறியிருக்கிறது. ஆனால் உங்களிடம் இருப்பது ஒப்பந்தம்கூட அல்ல, வரவுக் கணக்கு. பணத்தை மீட்க அது நல்ல சான்று. வீட்டைப் பெற, வழக்கறிஞர் உழைக்க வேண்டியிருக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். இந்த வாரமே.

கேள்வி: புரோக்கர் நல்ல மனிதர். "எழுத்தெல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு லட்சம் போட்டு வீட்டைப் பிடித்து வையுங்கள்" என்கிறார். போடலாமா? – வாசகர், ஊட்டி

பதில்: கூடாது.

கேள்வி: நான் கோயம்புத்தூர். மசினகுடியில் ஒரு காட்டேஜ், விலை 40 லட்சம். 4 லட்சம் ரொக்கம் கொடுத்தேன். மாதம் 25,000 கட்டினால் எட்டு வருடத்தில் எனக்கு எழுதித் தருவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டே தவணையைக் கட்டிவிடலாம் என்றார்கள். காணொளியில் பார்த்துத்தான் முடிவு செய்தேன். வில்லங்கம் பார்க்கவில்லை. இப்போது அது யானை வழித்தடம் என்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லையே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. மசினகுடிப் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்துக்கான அரசாணை 2010-இல் வந்தது. 2018-இல் அங்கே விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்தது. எல்லாம் நாளிதழில் வந்த செய்திகள். 40 லட்சத்துக்குப் பொருள் வாங்குகிறவர் பஸ் ஏறி வந்து, மசினகுடி டீக்கடையில் விசாரித்திருந்தாலே போதும்.

மசினகுடியில் எல்லா நிலமும் வழித்தடத்தில் இல்லை. சர்வே எண்ணை வாங்கி, அது வழித்தட வரைபடத்துக்குள் வருகிறதா, கட்டடத்துக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு கொடுக்க வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கியவருக்கு. வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, அதில் இதை எழுதச் சொல்லுங்கள்; ரசீது கொடுக்காமல் வாங்கியவர் பேச வருவார்.

கேள்வி: கூடலூரில் 17-ஆவது பிரிவு நிலத்தில் உள்ள வீடு. "பட்டா வந்ததும் கிரயம், அதுவரை தவணை" என்கிறார் விற்பவர். – வாசகர், கூடலூர்

பதில்: 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களில், தலைமுறையாக வாழ்பவர்களே பட்டாவுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் படும்பாடு வேறு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தன்னிடம் இல்லாத பட்டாவைக் காட்டி மாதாமாதம் உங்களிடம் பணம் வாங்க யாருக்கும் உரிமையில்லை. குடியிருக்க வேண்டுமானால் வாடகை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: குன்னூரில் நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். மொத்தப் பணம் இல்லை. வீட்டுக்காரர் நேர்மையானவர், வாடகையில் ஒரு பகுதியை விலையில் கழிக்கச் சம்மதிக்கிறார். முறையாகச் செய்ய வழி உண்டா? அவரும் 11 மாத ஒப்பந்தமே போதும் என்கிறார். – வாசகி, குன்னூர்

பதில்: வழி உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டதற்கு நன்றி அம்மா.

முதலில் அந்த 11 மாத ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இந்த மலையில் ஏமாந்தவர்கள் கொண்டுவரும் காகிதங்களில் எனக்கு அதிகம் கோபமூட்டுவது இதுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டைப் கடையில் வாசகம் தயாராக இருக்கிறது. பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும். ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது வெள்ளையடித்து ஒப்படைக்க வேண்டும், உள்வாடகைக்கு விடக்கூடாது, சொன்ன நாளில் மறுபேச்சில்லாமல் காலி செய்ய வேண்டும். விலை என்ன, எவ்வளவு கழிந்தது, எப்போது கிரயம் என்று ஒரு வரி இருக்காது. தான் வாங்கப்போகும் வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் உரிமையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வருடாவருடம் அதைப் புதுப்பித்து, நீதிமன்றத்தில் தனக்கு எதிரான சான்றைத் தானே சேர்த்து வைக்கிறார் வாங்குபவர். வீட்டுக்காரரின் வழக்கறிஞர் அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கினால் போதும், நீங்கள் வாடகைக்காரர் என்பது உறுதியாகிவிடும். இதில் இன்னொன்று: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, குன்னூர் போன்ற நகராட்சிப் பகுதியில் வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆக 11 என்ற எண்ணுக்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு தனித்தனிப் பத்திரங்கள். ஒன்று வாடகைக்கு. மற்றது பதிவு செய்த கிரய ஒப்பந்தம். அதில் மொத்த விலை, முன்பணம், மாதம் கழியும் தொகை, கிரய நாள், ஒரு மாதம் தவறினால் எத்தனை நாள் அவகாசம், கிரயம் நடக்காவிட்டால் கட்டியதில் எவ்வளவு எத்தனை நாளில் திரும்பும், இருவரில் ஒருவர் இறந்தால் வாரிசுகளும் கட்டுப்பட்டவர்கள் என்பது, எல்லாம் வரவேண்டும். 'ஒரு மாதம் தவறினாலும் கட்டியதெல்லாம் போகும்' என்று ஒரு வரி நுழைந்திருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். உங்களை மறைத்து வீட்டை இன்னொருவருக்கு விற்பது அப்புறம் எளிதல்ல. கையெழுத்துக்கு முதல் நாள் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை மறுபடி பாருங்கள், பார்க்கக் கட்டணம் இல்லை. மாதத் தொகையை வாடகை வேறு, கிரயப் பகுதி வேறு என்று இரண்டாகப் பிரித்து வங்கியில் அனுப்புங்கள்.

வீட்டுக்காரர் நேர்மையானவர் என்கிறீர்கள். கேத்திப் பெரியவரும் நேர்மையானவர்தான்.

கேள்வி: கோத்தகிரி அருகே ஹட்டியை (படுகர் ஊரை) ஒட்டிய வீடு. பட்டாவில் நான்கு பேர். விற்பவர் மூத்தவர் மட்டும். தம்பிகள் சம்மதம் தானாக வரும் என்கிறார். – வாசகர், அரவேனு

பதில்: தானாக வராது. கூட்டுப் பட்டாவில் உள்ள நால்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பாகப்பிரிவினை பதிந்துவிட்டு வரச்சொல்லுங்கள். பாதையையும் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் நான் வாங்கிய மனைக்கு, காட்டியபோது ஜீப் போகும் பாதை இருந்தது. பத்திரத்திலும் நில அளவைப் புலப்படத்திலும் இல்லை. இன்றும் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் தயவில்தான் உள்ளே போகிறேன்.

கேள்வி: இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி. கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது. "உங்கள் வீடுதானே, நீங்களே மாற்றுங்கள்" என்கிறார் உரிமையாளர். – வாசகர், மஞ்சூர்

பதில்: கிரயம் பதிந்து வீடு உங்கள் பெயருக்கு வரும்வரை கூரை அவருடையது. அவசரத்துக்கு நீங்கள் மாற்றினால், செலவு விலையில் கழியும் என்று எழுதி வாங்கிய பிறகு மாற்றுங்கள். தகரத்துக்குப் பதில் மேலே பூசும் கலவை எதையும் நம்ப வேண்டாம். ஓதம் ஏறாது என்று உத்தரவாத அட்டையோடு விற்ற பூச்சு ஒன்று என் வீட்டுச் சுவரில் முதல் ஜூன் மழைக்கே தோலாக உரிந்தது. அட்டையின் பின்பக்கத்தில், தொடர் மழைப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பணம் திரும்பவில்லை.

கேள்வி: உரிமையாளர் வெளிநாட்டில். பவர் வைத்திருப்பவர் தவணை வாங்குகிறார். முடிவில் பவரையே என் பெயருக்கு மாற்றித் தருவாராம். – வாசகர், லவ்டேல்

பதில்: பவர் பத்திரம் வீட்டைச் சொந்தமாக்காது, உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமையாளர் இறந்தால் அந்தப் பவரும் பொதுவாகச் செல்லாது. அவரோடு நேரில் பேசாமல், பணத்தை அவர் கணக்கிலேயே போடாமல் அடுத்த தவணை வேண்டாம்.

கேள்வி: வீட்டின் அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது. "நீங்கள் கட்டும் பணத்தில்தான் கடனை அடைக்கிறேன்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? – வாசகி, எல்லநள்ளி

பதில்: அவர் கட்டாமல் விட்டால் வங்கி, கடன் மீட்புக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டை ஏலம் விடும், நீங்கள் அவரிடம் கட்டிய கணக்கை வங்கி பார்க்காது. கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கியிடம் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பணத்தை நேரே அந்தக் கடன் கணக்கிலேயே கட்டுவதாகவும், அது விலையில் கழிவதாகவும் ஒப்பந்தத்தில் எழுதிப் பதியுங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வேறு வீடு பாருங்கள் அம்மா.