ராஜாஜி கடிதம் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஓசூர். பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் கடிதம் ஒன்றையாவது வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆன்லைனில் ஒரு வியாபாரி 22,000 ரூபாய்க்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறார். விவரமாக "டி.எல்.எஸ்., 1 பக்கம், [1948], என்.பி." என்று மட்டும் போட்டிருக்கிறார். இதற்கு என்ன அர்த்தம்? வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: டி.எல்.எஸ். என்றால் தட்டச்சு செய்து, கீழே கையொப்பம் மட்டும் போட்ட கடிதம். முழுக்கத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தால் அது ஏ.எல்.எஸ். கையொப்பம் இல்லாவிட்டால் வெறும் ஏ.எல். பொதுவாக ஏ.எல்.எஸ்-க்குத்தான் விலை அதிகம். பலரும் ஏமாறுவது எல்.எஸ்-இல். பேனாவால் எழுதியிருப்பதைப் பார்த்ததும் அவர் எழுத்து என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் எழுதியவர் உதவியாளராக இருப்பார், கையொப்பம் மட்டும்தான் தலைவருடையது.

அதற்காக டி.எல்.எஸ்-ஐ மட்டமாக நினைக்க வேண்டாம். கைப்பட எழுதிய இரண்டு வரி நன்றிக் குறிப்பைவிட, ஒரு முக்கியமான விஷயத்தைப் பேசும் தட்டச்சுக் கடிதத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். எனவே முழுக் கடிதத்தையும் படிக்கக் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த அடைப்புக்குறிதான். சதுர அடைப்புக்குறிக்குள் ஆண்டு இருந்தால், அது கடிதத்தில் இல்லை, விவரம் எழுதியவர் ஊகித்துப் போட்டது என்று பொருள். என்.பி. என்றால் எழுதிய இடமும் தாளில் இல்லை. ராஜாஜி 1948 ஜூன் வரை மேற்கு வங்க ஆளுநர், அப்புறம் கவர்னர் ஜெனரல். அந்த மாளிகைகளின் அச்சடித்த தாளாக இருந்தால் இடம் தெரிந்திருக்குமே! எதை வைத்து 1948 என்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். தபால் முத்திரையுடன் உறை இருக்கிறது என்றால் சரி. மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கையொப்பத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாளின் பின்புறப் படமும் வேண்டும். பேனா மை நாரில் ஊறியிருக்கும், கோடுகள் வெட்டும் இடத்தில் அடர்த்தி கூடும். ரப்பர் முத்திரையிலும் அச்சிலும் அப்படி வராது.

இன்னொன்று: வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டைத் தாண்டினால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். 1948 என்று அவரே சொல்கிறார், ஆகவே உரிம எண்ணைக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

பில்லில் சுருக்கம் வேண்டாம். "ராஜாஜி தம் பேனாவால் கையொப்பமிட்ட தட்டச்சுக் கடிதம்" என்று முழுதாக எழுதி வாங்குங்கள். பிறகு பொய் என்று தெரிந்தால், வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும் 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.